இந்த லேபில் ‘கால்’ என்று சொல்லாதீர்கள்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகிற மூன்று பேருக்கும்,

முதல் நாளே யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள்: இந்த லேபில் ‘கால்’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. நீங்கள் சிரிப்பீர்கள். செயற்கைக் கணுக்கால் மூட்டுகளை மெஷினில் மாட்டி நாள் முழுக்க நடக்க வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. இங்கே போய்க் கால் என்று சொல்லாமல் எப்படி இருப்பது? இருக்கலாம். நாங்கள் இருக்கிறோம். பாதம் என்போம். ‘கணுக்கால்’ சொல்ல அனுமதி உண்டு. முன்னால் ‘கணு’ காவலுக்கு நிற்கிறது. 0.25 என்ற எண்ணைப் பாயிண்ட் டூ ஃபைவ் என்றுதான் வாசிக்க வேண்டும். மறந்தும் வேறு மாதிரி வாசித்துவிடாதீர்கள்.

மெஷினில் மூன்று இடங்கள் இருக்கின்றன. அவற்றில் புதுச்சேரிப் பகுதிகளின் பெயரெழுதிய காகிதச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள்: லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், பஸ் ஸ்டாண்டு. ஆங்கில எல்லில் தொடங்குகிற லாஸ்பேட்டை இடது பாதத்துக்கு. ஆரில் தொடங்குகிற ரெட்டியார்பாளையம் வலது பாதத்துக்கு. மூன்றாவது இடத்தில் இருக்கிற மூட்டு நடக்காது. மற்ற இரண்டும் சுமக்கிற அதே பாரத்தைச் சுமந்துகொண்டு, அதே நீரில் சும்மா நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும். பஸ் வராமல் நிற்கிறவர்தானே, அதனால் பஸ் ஸ்டாண்டு.

இந்தப் பெயர்களும் அந்தத் தடையும் எப்படி வந்தன என்று கேட்டால், மூட்டுகளை மெஷினில் மாட்டுகிற ஞானவேல் அண்ணன் மழுப்புவார். லேபை நடத்துகிற மேடம் கண்ணாடியைத் துடைப்பார். காரணம் நான். சனிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன், மேலே படிக்க. பணி அனுபவம் எழுதுவதெல்லாம் ரிடையர் ஆகிறவர்கள் வேலை என்று தெரியும். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் மெஷின் கணக்குப்படி இந்த ஆறு வருஷத்தில் நான் எத்தனையோ பேருடைய ஆயுளை நடந்து முடித்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது பாடத்தில் இல்லாதது. கண்ணாடித் தொட்டிக்குள், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீர், நம் உடம்புச் சூட்டில். அதற்குள் ஒரு கணுக்கால் தன்னந்தனியாக நடக்கிறது. மேலே முழங்கால் இல்லை, இடுப்பு இல்லை, ஆள் இல்லை. ஒரு நொடிக்கு ஒரு அடி. குதிகால் ஊன்றி, பாரம் ஏறி, முன்பாதம் உந்தி, தூக்கி, மறுபடி ஊன்றி. டொக்… ஷ். டொக்… ஷ். முதல் வாரம் தலை வலிக்கும். இரண்டாவது வாரம் சத்தமே கேட்காது. மூன்றாவது வாரம் நீங்கள் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது, சிக்னலில் நிற்கிற அத்தனை பேருடைய கணுக்காலும் தொட்டிக்குள் நடப்பது மாதிரி தெரியும். பயப்படாதீர்கள். அது எல்லோருக்கும் வருவது. எனக்கு இன்னும் போகவில்லை. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வாகனங்களை நிறுத்தியதும் ஊரே நடக்க இறங்குமே, அப்போது நான் முகங்களைப் பார்ப்பதில்லை. யார் குதிகாலை வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றுகிறார்கள், யாருக்கு முன்பாதம் உந்தவில்லை, அலைச் சத்தத்துக்கு யாருடைய நடை ஒத்துப்போகிறது, இதுதான். எதிரே வந்த பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி, “இன்னாடி, எதாவது கீழ தொலச்சுட்டியா?” என்று கேட்டாள்.

கரன்ட் போனால் மெஷின் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும். ஒருமுறை இடது கணுக்கால் பாதி தூக்கிய நிலையில் நின்றது. ஜெனரேட்டர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ நினைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்ட ஆளைப் போல இருந்தது. உள்ளே வா என்று சொல்லத் தோன்றியது.

எங்கள் அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிப் பல வருஷம் கழித்தும் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்பார். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்குச் சத்தப் பஞ்சம் கிடையாது என்பதால் தப்பித்தார். எனக்கு இப்போது அவர் சொன்னது புரிகிறது. அடுத்த ஊரில் டொக்… ஷ் இல்லாமல் எப்படித் தூங்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

அந்துவான் சாரை உங்களுக்குப் பார்க்காமலே தெரியும். மாடிப்படியில் ஒரு அடி மெதுவாகவும் ஒரு அடி கட்டையாகவும் விழும். கல்லூரி நாட்களில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கணுக்கால் நொறுங்கி, மூட்டை அசையாதபடி எலும்போடு எலும்பாக ஒட்டிவிட்டார்கள். வலி போயிற்று. மடங்குவதும் போயிற்று. இப்போது நாற்பத்தைந்து இருக்கும். வீட்டில் பாதிப் பேர் பிரான்சில். இவர் மட்டும் இங்கே ஒரு சின்னப் பட்டறை வைத்துக்கொண்டு, நான்கு வருஷமாகச் செயற்கைக் கணுக்கால் ஒன்றை வடிவமைத்து வந்தார். மேலே ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம், நடுவில் வழுக்கிக்கொண்டு அசைய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. அந்தத் துண்டைத்தான் இன்சர்ட் என்கிறோம். அது எவ்வளவு தேய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனக்கு அது பொருத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒட்டிய எலும்பைப் பிரிக்க இஷ்டமில்லை என்றும் சொல்வார். ஆனாலும் செய்தார்.

சுவரில் ஒரு உலக வரைபடம் இருக்கிறது, பார்ப்பீர்கள். ஞானவேல் அண்ணன் வேலை அது. நாங்கள் ஐம்பது லட்சம் அடிகள் நடக்க வைக்கிறோம். ஒரு மனிதர் ஒரு பக்கத்துப் பாதத்தை வருஷத்துக்குப் பத்து லட்சம் முறை ஊன்றுவார் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆக ஐந்து வருஷ நடை. அந்த அடிகளைத் தூரமாக மாற்றி, புதுச்சேரியிலிருந்து பாரீஸ் பக்கம் ஒரு நூல் கட்டி, இடதுக்கு ஒரு குண்டூசி, வலதுக்கு ஒரு குண்டூசி. பஸ் ஸ்டாண்டு குண்டூசி புதுச்சேரியிலேயே குத்தி நிற்கும். அந்துவான் சார் பிரெஞ்சு கலந்து பேசுவார்; மத்மசேல் என்றால் செல்வி, அலோர் என்றால் அப்படியானால். அவர் படியேறி வந்ததும் முதல் கேள்வி, “மத்மசேல் குழலி, எந்த ஊர் வந்துச்சு?”

“ஈரான் சார்.”

“அலோர், குளிருமே. சாக்ஸ் போட்டு உடுங்க.”

ஐம்பது லட்சம் அடிக்குப் பாரீஸ் வராது. ஐரோப்பாவுக்குள் எங்கேயோ வயல்வெளியில் நின்றுவிடும். அது அவருக்குப் பெரிய குறை. “எங்க வூட்டுல எல்லாரும் பிளேன்ல போயிட்டாங்க. இது ஒண்ணுதான் நடந்து போவுது, அதுவும் ஊர் போய்ச் சேர மாட்டேங்குது” என்பார்.

ஆடி மாதக் கடைசியில், அவருடைய மூட்டுகளை நடக்க விடும் நாள். ஞானவேல் அண்ணனுக்கு ஊர் வீராம்பட்டினம். அங்கே ஆடித் தேர். வருஷம் முழுக்க எந்த லீவும் கேட்காதவர் அன்று மட்டும் இருப்புக்கொள்ளாமல் இருப்பார். மூட்டுகளைத் தாங்கியில் வைத்து, எலும்புச் சிமெண்ட் ஊற்றி, இறுகிய பிறகு கோணம் பார்த்து, சரிசெய்து, அளந்து, எழுதி, அப்புறம்தான் மெஷினை ஓட்டலாம். வலதை முடித்துவிட்டார். இடது இறுகிக்கொண்டிருந்தது. மணி பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே கதவருகே போனவர் திரும்பி என்னிடம் சொன்னார்:

“குழலி, இடது கால் டிகிரி சாஞ்சிருக்கு, பாத்துக்க. நான் கெளம்பறேன், தேரு நெலைய விட்டுக் கெளம்பிடும்.”

“சரிண்ணா, சாமிய நானும் கேட்டேன்னு சொல்லுங்க.”

இதில் என்ன தப்பு என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். எனக்குக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

நான் கேட்டது: இடது, கால் டிகிரி சாய்ந்திருக்கிறது. அதாவது ஒரு டிகிரியில் நாலில் ஒரு பங்கு. அது எங்கள் அனுமதி எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். கவலைப்பட ஒன்றுமில்லை. நோட்டைத் திறந்து, ‘அளந்த கோணம்’ என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில் 0.25 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மெஷினை ஓட்டினேன். டொக்… ஷ். இரண்டு கணுக்கால்களும் மேற்கே, வில்லியனூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தன.

அவர் சொன்னது: இடது-கால் டிகிரி சாய்ந்திருக்கிறது. பட்டறைப் பேச்சில் டிகிரி என்றால் கோணம். இடது பாதத்தின் கோணம் சரியில்லை, அளந்து சரிபண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு என்று அவர் சொல்லவே இல்லை.

எண்ணே இல்லாத வாக்கியத்தில் நான் ஒரு எண்ணைக் கேட்டேன்.

மூன்றாம் நாள் அவர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கயிறு பிடித்துத் தோல் உரிந்த உள்ளங்கையோடு வந்தார். வந்ததும் நோட்டைப் பார்த்தார். இடது: 0.25. அட, அவ்வளவு சாய்வை இந்தப் பெண் ஒண்டியாக நின்று கால் டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டாளே என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டு நோட்டை மூடிவிட்டார். பாராட்டை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் தயவுசெய்து ஒருவரை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை மெஷினை நிறுத்தி இன்சர்ட்டை மட்டும் எடுத்துக் கழுவி, உலர்த்தி எடை போடுவோம். அந்தத் தராசு ஒரு கைரேகைக்குக்கூட எடை சொல்லும். சேர்ந்த புதிதில் நான் கையுறை இல்லாமல் தொட்டுவிட்டு, தேய வேண்டிய துண்டு எடை கூடியிருக்கிறதே என்று அரை நாள் அதிசயப்பட்டவள். அப்படிப்பட்ட தராசு சொல்கிறது: வலது ஒழுங்காக, கொஞ்சமாகத் தேய்கிறது. இடது வாரத்துக்கு வாரம் அதிகமாகத் தேய்கிறது. ஆறாவது வாரம் இடது இன்சர்ட்டின் உள்விளிம்பு வெளுத்து, நகம் கடித்த மாதிரி ஆகிவிட்டது. தாங்கியை யாரும் தொடவில்லை. அப்போதெல்லாம் கோணத்தை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறைதான் அளப்போம். நாங்கள் தராசை நம்பினோம். தராசு பொய் சொல்லவும் இல்லை.

அந்துவான் சாரின் வருகை குறைந்தது. வந்தாலும் ஊர் கேட்பதில்லை. ஒரு நாள் வரைபடத்தின் முன்னால் நின்று, இடது குண்டூசியை விரலால் தொட்டு, “இது நொண்டிகிட்டே போவுது போல” என்றார். அவருடைய திட்டத்துக்குப் பின்னால் இருந்த டாக்டர்களும் மற்றவர்களும் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையில் கூடுகிறார்கள், எங்கள் அறிக்கையைப் பார்த்து மேலே போவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். விளிம்பு உடைகிற ஒரு மூட்டை யாரும் மனிதருக்குள் வைக்க மாட்டார்கள். வைக்கவும் கூடாது. நான்கு வருஷம் அந்தத் தாளில் முடிந்துவிடும்.

ஐப்பசி. அடைமழை. செவ்வாய்க்கிழமை ஐம்பது லட்சம் முடிந்தது. நான் சுறுசுறுப்பாகத் தாங்கிகளைக் கழற்றி, சிமெண்டை உடைத்து, கழுவிக் கவிழ்த்தும் விட்டேன். புதன்கிழமை காலை அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கத் தயாராக வைத்துவிட்டு, சன்னலோரம் டீ. சாயங்காலம் அந்துவான் சார் வந்து வாங்கிக்கொள்வார். மெஷின் ஓடாத லேப், யாரோ பேச்சை நிறுத்திய அறை மாதிரி இருந்தது. வெளியே மழை மட்டும் அந்த ஒரு நொடிக் கணக்கில் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஞானவேல் அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “கேக்கணும்னே இருந்தேன் குழலி. மூணு டிகிரிக்கு மேல சாஞ்சிருந்துச்சே, ஒண்டியா எப்படி அத்த கால் டிகிரிக்குக் கொண்டாந்த?”

“எத்த?”

“இடது கால.”

“எந்த மூணு டிகிரிண்ணா? நீங்கதான் கால் டிகிரின்னு சொன்னீங்க.”

“நான் எங்க சொன்னேன்? இடது கால் டிகிரி சாஞ்சிருக்குன்னு சொன்னேன்.”

“அதான்! இடது, கால் டிகிரி!”

“யம்மா, இடது கால்! டிகிரி!”

இரண்டு பேரும் அதே மூன்று சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியில் இருந்து பார்த்தால் சிரிப்பு வரும். அவர் டீ டம்ளரை வைத்தார். ஆடி மாதத்திலிருந்து ஐரோப்பாவரை, ஒரு கணுக்கால் சாய்ந்தபடியே நடந்து போயிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்து அதை நேர் என்று நம்பியிருக்கிறோம்.

என் கை உடனே நோட்டுக்குப் போயிற்று. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பயந்து மறைக்க அல்ல. அதைவிட நல்ல எண்ணத்தோடுதான் போயிற்று. 0.25-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பக்கத்தில் 3 என்று எழுதினால் போதும். மூன்று டிகிரி சாய்ந்திருந்தது, அதனால்தான் விளிம்பு தேய்ந்தது, மூட்டின் மேல் தப்பில்லை. அந்துவான் சாருடைய நான்கு வருஷமும் பிழைத்துக்கொள்ளும். மூன்றின் மேல் வளைவைப் போட்டுவிட்டேன்.

அப்போது கட்டத்தின் தலைப்பு கண்ணில் பட்டது. அளந்த கோணம்.

“அண்ணா, நீங்க அந்த மூணை எங்கயாவது எழுதி வெச்சீங்களா?”

“இல்லியே. கோணமானிய வெச்சு ஒரு பார்வ பாத்தேன். மூணுக்கு மேல, நாலுக்குள்ள. நீ அளப்பேன்னு உட்டுட்டேன்.”

தாங்கி கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. சிமெண்ட் குப்பைக்கூடையில். இனி யாராலும் அளக்க முடியாது. முதலில் காதால் கேட்டு ஒரு எண்ணை எழுதினேன். இப்போதும் காதால் கேட்டுத்தான் எழுதப்போகிறேன். முதல் எண் அந்துவான் சாரைக் கவிழ்த்தது, இந்த எண் அவரைத் தூக்கிவிடும் என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பேனா அந்த வளைவிலேயே நின்றது. அந்த அரை மூன்று இன்றும் நோட்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பாதி தூக்கிய நிலையில் நின்ற கணுக்கால் மாதிரியே இருக்கும்.

நோட்டோடு மேடத்தின் அறைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டுங்கறதுக்கு ஒரு வளைவு போட ஆரம்பிச்சு உட்டியா?”

“மூணு மேடம்.”

“ஏன் உட்ட?”

“அதுவும் அளக்கல மேடம்.”

“அப்ப என்ன எழுதப்போற?”

அந்தச் சொல்லை எழுத நான் மூன்று மாத வேலையையும் கொஞ்சம் மானத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அளக்கவில்லை. பக்கத்தில் கையெழுத்து. கீழே ஞானவேல் அண்ணனும், நான் கேட்காமலே, கையெழுத்துப் போட்டார். இடது மூட்டின் முடிவு செல்லாது என்று அறிக்கையை மாற்றினோம். வலது மட்டும் தேறியது. அரை ஜோடி.

“அவர்கிட்ட நீதான் சொல்லணும்” என்றார் மேடம். அது தண்டனை இல்லை. வேறு யார் சொன்னாலும் அந்தக் கதை விளங்காது.

சாயங்காலம் மழைக்குள் படியில் அந்த அடிகள் கேட்டன. மெதுவாக ஒன்று, கட்டையாக ஒன்று. குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஞானவேல் அண்ணன் பக்கத்தில் நிற்க, நான் நின்றுகொண்டே சொன்னேன். ‘இடது கால் டிகிரி’ என்பதை இரண்டு விதமாகவும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

“ஒரு வார்த்தைலயா?”

“என் தப்பு சார். அளக்காம எழுதிட்டேன்.”

“வெள்ளிக்கெழம அங்க எட்டு பேர் உக்காந்திருப்பாங்க. வலது நல்லாருக்கு, இடது அளக்கவில்லைன்னு ஒரு தாள நீட்டினா என்ன கேப்பாங்க தெரியுமா? மனுசனுக்கு ரெண்டு இருக்குய்யா, நீ பாதிக்கு மட்டும் செஞ்சியான்னு கேப்பாங்க. நாலு வருசம், மத்மசேல்.”

அறிக்கையை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். இந்தத் தொழிலில் சில சமயம் அப்படி நிற்க வேண்டியிருக்கும். விளக்கம் சொல்லிக்கொண்டே போனால் நாம் நம்மைத்தான் தேற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

அவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “அத்தக் காட்டுங்க” என்றார்.

இடது இன்சர்ட்டைச் சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்விளிம்பில் அந்த வெளுத்த பிறை. அப்புறம் அவர் செய்தது எங்களுக்கு முதலில் புரியவில்லை. குனிந்து தன் இடது செருப்பைக் கழற்றினார். ஈரம் சொட்டச் சொட்ட மேஜை மேல், தட்டுக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தார்.

செருப்பின் அடியில், உள்விளிம்பில், அதே பிறை. அதே இடம். அதே சாய்வு.

“இது என் நடை” என்றார். குரல் மாறியிருந்தது. “டிகிரி எனக்கும் தெரியாது. யாரும் அளக்கல. ஆனா இருவது வருசத்துக்கு மேலா இப்படித்தான் நடக்கறேன்.”

மழை சன்னலில் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு செருப்பையும் ஒரு வெள்ளைத் துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாகத் தொட்டிக்குள் ஆளில்லாமல் நடந்துகொண்டிருந்த நடைக்கு மேலே, மெதுவாக ஒரு முழங்காலும் இடுப்பும் முகமும் முளைத்து வந்தது மாதிரி எனக்கு இருந்தது.

ஞானவேல் அண்ணன்தான் முதலில் பேசினார். “சார், ஆபரேசன்ல டாக்டருங்க கரெக்டா நேரா வெப்பாங்களா?”

“கையாலதானே வெக்கறாங்க. ஒண்ணு ரெண்டு டிகிரி அப்படி இப்படி வரும். நேரா வெச்சாலும் ஆள் நேரா நடக்கணுமே.” இன்சர்ட்டைக் கையில் எடுத்தார். “நான் நேரா நடக்கறவனுக்கு மட்டும் செஞ்சிருக்கேன். கொஞ்சம் சாஞ்சா என் விளிம்பு உடையுது. நீங்க தப்புப் பண்ணலன்னா இத்த நான் பாத்திருக்கவே மாட்டேன்.” உடனே விரலை நீட்டி, “அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் அந்த அரை ஜோடி அறிக்கையோடு சென்னை போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ‘அளக்கவில்லை’ என்பதைப் படித்ததும் ஒருவர், இப்படி எழுதுகிற லேபை நம்பலாமா என்று கேட்டாராம். இன்னொருவர், இப்படி எழுதுகிற லேபைத்தான் நம்பலாம் என்றாராம். அதற்குள் இவர் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாராம். இன்னும் ஒரே ஒரு முறை சோதித்து வரட்டும் என்று விட்டார்கள்.

இந்த முறை அவர் இரண்டு இடது மூட்டுகள் கொடுத்தார். ஒன்று நேராக. ஒன்று வேண்டுமென்றே மூன்று டிகிரி சாய்த்து. நானும் ஞானவேல் அண்ணனும் தனித்தனியாக அளந்து, தனித்தனிச் சீட்டில் எழுதி, மேடத்தின் முன்னால் பிரித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படித்தான். நேராக நடந்தது வலதைப் போலவே ஒழுங்காகத் தேய்ந்தது. சாய்ந்து நடந்ததன் விளிம்பு மறுபடி வெளுத்தது. அவர் பட்டறைக்குப் போய், விளிம்பைக் கொஞ்சம் உருட்டி, கொஞ்சம் அகலமாக்கி, புதிதாக ஒன்று செய்து கொண்டுவந்தார்.

அதுதான் இப்போது லாஸ்பேட்டையில் நடந்துகொண்டிருக்கிறது. சாய்வு மூன்று டிகிரி. அளந்தது. திங்கட்கிழமை நீங்கள் வரும்போதும் நடந்துகொண்டிருக்கும். நான் எந்த ஊரில் எந்த அறையில் தூங்க முயன்றுகொண்டிருந்தாலும் அது நடக்கும். இதுவரை விளிம்பு வெளுக்கவில்லை. இதுவரை என்றுதான் சொல்ல முடியும். தேறுமா தேறாதா என்று நீங்கள்தான் பார்ப்பீர்கள், நான் அல்ல. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சீட்டுகளை ஒட்டியது மேடம். தடை போட்டது ஞானவேல் அண்ணன். தடை வந்த முதல் நாள் அவரே வாசலில் நின்று, “காலையில பாக்கலாம்னு சொல்லலாமா மேடம், இல்ல அதுவும் கூடாதா?” என்று கேட்டார். மேடம் யோசித்து, “விடிஞ்சதும் வா” என்றார்.

நேற்று, என் கடைசி வாரத்தில், அந்துவான் சார் வந்தார். படியில் கேட்டது. மெதுவாக ஒன்று, கட்டையாக ஒன்று. ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய குரலில், “மத்மசேல் குழலி, எந்த ஊர் வந்துச்சு?” என்றார்.

வரைபடத்தில் குண்டூசி ஈரானுக்குள் எங்கேயோ இருந்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குண்டூசியை நான் குத்தவில்லை. யார் குத்தினார்கள், எப்போது குத்தினார்கள் என்றும் தெரியாது.

“தெரியல சார். இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்.”

எழுந்து, மெஷினில் அடிக்கணக்கைப் பார்க்கப் போனேன். பின்னால் அவர் சிரிக்கிற சத்தமும், முன்னால் அந்த அடிச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.